ஸ்பெஷல் ஸ்பேனர் வாங்கலாமா? – பட்டறைக் கேள்வி பதில்

இந்த மாதம் பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டூல் பாக்ஸ் பற்றியவை. அதனால் மைலேஜ், இன்ஜின் ஆயில் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை ஸ்பேனரை மட்டும் பேசிவிடலாம்.

கேள்வி (ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓர் இளம் கார் மெக்கானிக்): அண்ணே, சொந்தமாகக் கொஞ்சம் கொஞ்சமாக டூல்ஸ் சேர்த்துக்கொண்டு வருகிறேன். ரிங் செட், டபுள் எண்ட் செட், ஒரு அரை இஞ்ச் சாக்கெட் செட் இருக்கிறது. எஸ்.பி. ரோடு பக்கம் போனால் ஃபிளேர் நட் ஸ்பேனர், க்ரோஃபுட், ராட்செட் ரிங், ஹாஃப் மூன், ஸ்டபி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் மேஸ்திரியோ, "இதெல்லாம் தண்டச் செலவு, கையில் வித்தை இருந்தால் ரிங் ஸ்பேனரே போதும்" என்கிறார். வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: தம்பி, மேஸ்திரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல ரிங்கும் நல்ல சாக்கெட்டும் இல்லாத பெட்டிக்கு ஸ்பெஷல் ஸ்பேனர் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வித்தை இருந்தால் போதும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எவ்வளவு பெரிய வித்தைக்காரர் பிடித்தாலும், நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் கவ்வுகிற ஸ்பேனர் இரண்டு பக்கத்தைத்தான் கவ்வும்.

கடை வாசலில் நிற்கும்போது இரண்டே விஷயம் யோசியுங்கள். ஒன்று, இந்த டூல் கேட்கிற நட்டு உங்கள் கைக்கு எவ்வளவு அடிக்கடி வருகிறது. இரண்டாவது, சாதாரண ஸ்பேனர் வழுக்கி அந்த நட்டு மழுங்கிப் போனால் என்ன செலவு, அது யார் தலையில் விழும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும், ஆனால் போனால் ஆயிரக்கணக்கில் போகும் என்றால் அந்த ஸ்பேனரை வாங்கி வைத்தே ஆக வேண்டும். தினமும் வரும், ஆனால் சாதாரண ரிங்கிலேயே கழன்றுவிடும் என்றால் அவசரமே இல்லை.

இந்தக் கணக்கில் முதலிடம் ஃபிளேர் நட் ஸ்பேனருக்கு. பிரேக் பைப் நட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பைப் அந்த நட்டுக்கு நடுவே ஓடுகிறது, அதனால் முழு ரிங்கை மேலிருந்து மாட்ட வழியில்லை. எல்லோரும் 10-11 டபுள் எண்டைப் போடுகிறார்கள். அது எதிரெதிரான இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கிறது. நட்டோ சின்னது, ரொம்பக் கெட்டியான இரும்பும் இல்லை, மழைத் தண்ணீரும் சேறும் பட்டு துரு ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு அழுத்து அழுத்தினால் ஸ்பேனரின் வாய் லேசாக விரிகிறது, நட்டின் முனை மடங்குகிறது, இரண்டாவது தடவையில் வழவழவென்று உருண்டையாகிவிடுகிறது. அப்புறம் வைஸ் கிரிப்பை எடுக்கிறோம். அது நட்டை நசுக்கி, நட்டோடு சேர்த்துப் பைப்பையும் முறுக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரைக்கும் புதுப் பைப், புது பிரேக் ஆயில், மறுபடி ஏர் எடுக்கிற வேலை. ஒரு வீல் சிலிண்டர் மாற்ற வந்த வண்டி சாயங்காலம் வரைக்கும் பட்டறையிலேயே நிற்கும்.

ஃபிளேர் நட் ஸ்பேனர் என்பது ரிங்தான், பைப் நுழைவதற்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டி விட்டிருப்பார்கள். பைப்பின் மேல் நுழைத்துக் கீழே இறக்கினால் மீதிப் பக்கங்களை எல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 10-11, 12-13 இரண்டு இருந்தால் சாதாரணக் கார்களின் பிரேக் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும், டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப் கழற்றுகிறவர்கள் 17-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள். உள்பக்கம் ஆறு முனை இருக்க வேண்டும், பன்னிரண்டு முனை இந்த வேலைக்கு ஆகாது. வெட்டு விட்ட இடத்தில் சதை கனமாக இருக்க வேண்டும். அங்கே மெல்லிசாக இருக்கிற மலிவுச் சரக்கு இறுக்கம் வந்ததும் விரிந்து கொடுத்துவிடும், அதை வாங்குவதற்குப் பழைய டபுள் எண்டே மேல். போட்டவுடன் கழற்றப் பார்க்காதீர்கள். ரஸ்ட் ஆயில் அடித்துக் கொஞ்சம் ஊறவிட்டு, நட்டின் மேல் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டி, முதலில் இறுக்குகிற பக்கமே ஒரு மயிரிழை நகர்த்திப் பார்த்து, அப்புறம் கழற்றுங்கள். நட்டு திரும்பும்போது பைப்பும் கூடவே திரும்புகிறதா என்பதில் கண் இருக்கட்டும். திரும்பினால் நிறுத்திவிட்டு மறுபடி ஆயில் அடியுங்கள், அவசரப்பட்டால் பைப் அந்த இடத்திலேயே முறுக்கிக்கொண்டு உடையும்.

அடுத்தது ராட்செட் ரிங், அதாவது நட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்புகிற பல் சக்கர ரிங் ஸ்பேனர். இது நட்டைக் காப்பாற்றுகிற டூல் இல்லை, நேரத்தைக் காப்பாற்றுகிற டூல். டபுள் எண்ட் ஸ்பேனரின் தலை 15 டிகிரி சாய்ந்திருக்கும், அதனால்தான் குறுகலான இடத்தில் ஒவ்வொரு திருப்புக்கும் ஸ்பேனரைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் போடுகிறோம். அப்படிப் போட்டாலும் கைப்பிடி ஆட 30 டிகிரி இடம் வேண்டும். 72 பல் உள்ள ராட்செட் ரிங்குக்கு 5 டிகிரி போதும். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கையை விட்டு ஆல்டர்னேட்டர் போல்ட் கழற்றியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் முழு செட் வாங்காதீர்கள். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா என்றால் 10, 12, 14 மூன்று போதும். டாடா, மஹிந்திரா, ஸ்கோடா அதிகம் வருகிற பட்டறை என்றால் 12-க்குப் பதில் 13. போல்ட்டின் இறுக்கத்தை முதலில் சாதா ரிங்கால் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ராட்செட் ரிங். நேராக அதையே போட்டுத் தொங்கினால், கைப்பிடியை நீட்ட அதில் பைப் வேறு மாட்டினால், உள்ளே இருக்கிற பல் போய்விடும்.

ஹாஃப் மூன், ஸ்டபி இரண்டுக்கும் காசு செலவழிக்க இப்போதைக்கு அவசியமில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட், மேனிஃபோல்டின் ஒளிந்த நட்டு மாதிரி இடங்களுக்காகப் பழைய மேஸ்திரிகள் ரிங் ஸ்பேனரை கேஸ் வைத்துச் சுட்டு வளைத்துக்கொள்வார்கள், கைப்பிடியைப் பாதியாக வெட்டிக்கொள்வார்கள். அது நல்ல வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். சிக்பேட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிற பழைய சாமான் சந்தையில் நல்ல கம்பெனி ஒற்றை ஸ்பேனர்கள் மலிவாகக் கிடைக்கும், அவற்றில் ஒன்றை எடுத்து வளைத்துக்கொள்ளுங்கள். சுட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும் என்பதால், வளைத்த ஸ்பேனரைச் சின்ன நட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் மேஸ்திரியிடம் இதையும் சொல்லுங்கள். இன்றைக்கு எல்லாப் பெட்டியிலும் இருக்கிற சாக்கெட் செட்டே ஒரு காலத்தில் ஸ்பெஷல் டூல்தான். ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், மாற்றி மாற்றிப் போட்டு ஐம்பது ஸ்பேனரின் வேலையைச் செய்யலாம் என்று சொல்லி 1920-இல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனிதான் ஸ்னாப்-ஆன். இன்றைக்கு சாக்கெட் செட்டை யாரும் தண்டச் செலவு என்பதில்லை.

க்ரோஃபுட் பற்றி அடுத்த கேள்வியோடு சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் டார்க் ரெஞ்சு, அதாவது நட்டை வைத்த அளவு முறுக்கில் இறுக்குகிற ரெஞ்சு, இல்லாதவருக்கு அது பெரிதாகப் பயன்படாது.

கேள்வி (தாசரஹள்ளியில் டயர், வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவர்): வீல் நட்டை ஏர் கன் வைத்துத்தான் டைட் செய்கிறோம், இதுவரை புகார் எதுவும் வந்ததில்லை. டார்க் ரெஞ்சு அவசியமா? கூடவே க்ரோஃபுட்டும் வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துகிறார்.

பதில்: அவசியம், ஐயா. இந்தப் பக்கத்தில் நான் எதையும் இவ்வளவு கட்டாயமாகச் சொல்ல மாட்டேன். புகார் வராததற்குக் காரணம், ஓவர் டைட் ஆன நட்டு உங்கள் கடையில் தெரிவதில்லை. இரவு பத்து மணிக்கு ஓசூர் ரோட்டில் பஞ்சர் ஆகி, வண்டியோடு வந்த எல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்தும் கழற்ற முடியாமல் தவிக்கிற ஒருவருக்குத்தான் அது தெரியும். சின்னக் கார்களின் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் (முறுக்கின் அளவு) வரைதான் கேட்பார்கள், சரியான எண் வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். கன் அதைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும், நாலு நட்டுக்கும் நாலு விதமாக நிற்கும். டிஸ்க் கோணலாவது, ஸ்டட் நீண்டுபோவது எல்லாம் இதிலிருந்து வரலாம்.

கன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கன்னில் லேசாகப் பிடிக்கவிட்டு, வண்டியை இறக்கி, எதிரெதிர் நட்டாக டார்க் ரெஞ்சில் முடியுங்கள். அலாய் வீல் என்றால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை வந்து செக் செய்துகொண்டு போகச் சொல்லுங்கள். த்ரெட்டில் ஆயில், கிரீஸ் தடவுகிற பழக்கம் இருந்தால் வீல் நட்டில் மட்டும் விட்டுவிடுங்கள். நாம் போடுகிற முறுக்கில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு உரசலைத் தாண்டவே செலவாகிறது, மீதிதான் ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது. ஆயில் போட்டு உரசலைக் குறைத்தால், ரெஞ்சு அதே எண்ணில் கிளிக் சொன்னாலும் ஸ்டட் அதிகமாக இழுபடும்.

வாங்கினால் கிளிக் டைப், அரை இஞ்ச், 40 முதல் 200 வரை உள்ளதை வாங்குங்கள். நல்ல கிளிக் ரெஞ்சு, வைத்த எண்ணிலிருந்து 4 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம், ஐஎஸ்ஓ 6789 என்ற தரத்தில் இந்த அளவு அனுமதி உண்டு. அதைக் கழற்றுவதற்கு உபயோகிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது 5,000 கிளிக்குக்கு ஒரு தடவை கேலிபரேஷன், அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், பீன்யாவில் அதற்கான என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேப்கள் இருக்கின்றன.

இப்போது க்ரோஃபுட். அது கைப்பிடி இல்லாத ஸ்பேனர் தலை, ராட்செட்டின் முனையில் மாட்டுவது. டயர் கடைக்கு வேண்டவே வேண்டாம், கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே வந்துவிடுங்கள். பிரேக் பைப், பவர் ஸ்டீயரிங் பைப், ஏசி பைப் நட்டுகளைக் கணக்கான டார்க்கில் இறுக்குகிறவர்களுக்குத்தான் அது. அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: க்ரோஃபுட்டை நேராக நீட்டி மாட்டினால் ரெஞ்சின் நீளம் கூடிவிடுகிறது, அதனால் ரெஞ்சில் வைத்த எண்ணை விட அதிக முறுக்கு நட்டில் விழும். ரெஞ்சில் கை பிடிக்கும் இடத்திலிருந்து சதுர முனை வரை 300 மி.மீ., அங்கிருந்து க்ரோஃபுட்டின் நடு வரை 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டுக்கு 44 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்றால், 44-ஐ 300-ஆல் பெருக்கி 330-ஆல் வகுத்து, ரெஞ்சில் 40 வைக்க வேண்டும். இந்தக் கணக்கே வேண்டாம் என்றால் க்ரோஃபுட்டைக் கைப்பிடிக்குச் செங்குத்தாக, எல் வடிவத்தில் மாட்டுங்கள், 44-ஐ 44 என்றே வைக்கலாம். இடம் கிடைக்கிற போதெல்லாம் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி (கே.ஆர். புரத்தில் டூவீலர் சர்வீஸ் நடத்தும் பெண்மணி): நானும் தம்பியுமாகக் கடை நடத்துகிறோம். கிளட்ச் லாக் நட்டை உளி வைத்துத் தட்டித்தான் கழற்றுகிறான். அதற்கென்று வருகிற சாக்கெட் வாங்கலாமா என்றால், "அக்கா, நாலு தட்டில் வந்துவிடும், எதற்குச் செலவு?" என்கிறான். ஸ்பார்க் பிளக்குக்கும் தனி சாக்கெட் வாங்க வேண்டுமா?

பதில்: இன்றைக்கே வாங்கிவிடுங்கள், அம்மா. அந்த நட்டின் தலையில் நாலு காடி வெட்டியிருப்பது நாலு பல் உள்ள சாக்கெட் உட்காருவதற்காகத்தான். உளி வைத்துத் தட்டும்போது காடியின் ஓரம் சிதைகிறது, உதிர்கிற துகள் ஆயிலில் விழுகிறது, ஒவ்வொரு அடியும் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குப் போகிறது. அடுத்த தடவை கழற்றுகிறவருக்கு அந்த நட்டு புதிதாக வாங்கியே தீர வேண்டிய நிலைக்கு வந்துவிடும். தட்டி இறுக்கிய நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று யாராலும் சொல்லவும் முடியாது. ஸ்ப்ளெண்டர் மாதிரியான பழைய ஹோண்டா வழி இன்ஜின்களுக்கு 20-24 என்று கேட்டால் கொடுப்பார்கள், இருந்தாலும் ஒரு பழைய நட்டைக் கையோடு ஜே.சி. ரோட்டுக்கு எடுத்துப்போய் அதன் மேல் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. பல் ஆடாமல் அடிவரைக்கும் உட்கார வேண்டும்.

டூவீலர் கடைக்கு ஸ்பெஷல் டூல்தான் அடிப்படை டூல் என்பேன், கார் பட்டறை மாதிரி இல்லை. கிளட்ச் சாக்கெட், மேக்னெட் புல்லர், மேக்னெட்டையும் கிளட்ச்சையும் சுற்றாமல் பிடிக்கிற ஹோல்டர், கோன் செட்டுக்கும் பின் ஷாக் அப்சார்பருக்கும் சி ஸ்பேனர், டாப்பெட் வைக்கிற சின்னச் சாவி, ஸ்போக் சாவி. இவ்வளவும் சேர்ந்தாலும் ஒரு நல்ல சாக்கெட் செட்டின் விலையைத் தாண்டாது. மேக்னெட்டை ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நிறுத்துகிற பழக்கம் தம்பிக்கு இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், காயில் ஒன்று உடைந்தால் போதும், ஹோல்டரின் விலை அதோடு போய்விடும்.

ஸ்பார்க் பிளக்குக்குத் தனி சாக்கெட் கேட்டிருந்தீர்கள். உள்ளே ரப்பர் உள்ளதாக வாங்குங்கள், பீங்கான் உடையாது. 10 மில்லி த்ரெட் பிளக் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். நீள கைப்பிடி போட்டு அதை இறுக்கக் கூடாது.

கேள்வி (ஃப்ரேஸர் டவுன் வாசகர்): அப்பாவின் பழைய புல்லட்டைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். 14 ஆடுகிறது, 13 நுழைய மறுக்கிறது. என்ன ஸ்பேனர் இது?

பதில்: விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-இல் வகுத்த த்ரெட் அளவு அது, பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டுகள் அந்தப் பிரிட்டிஷ் வழியில் வந்தவை. நீங்கள் சொல்கிற நட்டு 13.3 மில்லிக்கு வரும், ஸ்பேனரில் 1/4 டபிள்யூ என்று போட்டிருக்கும். கால் இஞ்ச் என்பது போல்ட்டின் கனம், நட்டின் அகலம் இல்லை, அதனால் டேப் வைத்து அளந்து குழம்பாதீர்கள். அதே ஸ்பேனரில் 5/16 பிஎஸ்எஃப் (நெருக்கமான த்ரெட் உள்ள இன்னொரு பிரிட்டிஷ் அளவு) என்றும் எழுதியிருக்கலாம், இரண்டும் ஒன்றே. 3/16 டபிள்யூ 11.3 மில்லி, 5/16 டபிள்யூ 15.2 மில்லி. இந்த மூன்றும் இருந்தால் பாதி வண்டி கழன்றுவிடும்.

உங்களுக்கு நான் வாங்கச் சொல்வது புதுசு இல்லை, பழசு. அந்தக் காலத்து விட்வொர்த் ரிங் ஸ்பேனர்கள் பழைய சாமான் சந்தையில் மெட்ரிக் ஸ்பேனர்களோடு கலந்து கிடக்கும், எண் புரியாததால் பலர் ஒதுக்கிவிடுவார்கள். சிவாஜி நகர் குஜிரி (பழைய இரும்புக் கடைகள்) பக்கம் விசாரித்தாலும் கிடைக்கலாம். ரிங்காகப் பார்த்து எடுங்கள், வாய் விரிந்த டபுள் எண்டை எடுக்காதீர்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் போட்டு அப்பாவின் வண்டி நட்டுகளை மழுங்க வைத்துவிடாதீர்கள், அந்த நட்டுகளில் சில இனி கிடைக்காது. பின்னால் எப்போதாவது மைசூரு யெஸ்டி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, அது மெட்ரிக். அம்பாசிடர் வாங்கினால் இஞ்ச் ஸ்பேனர் செட் தனியாக வேண்டும், 7/16, 1/2, 9/16 என்று போகும். 1/2 இஞ்ச் என்றால் 12.7 மில்லி, 13 போட்டால் ஏறக்குறைய உட்கார்ந்த மாதிரி இருக்கும், இறுகிய நட்டில் அதுவே மழுங்கடித்துவிடும்.

கேள்வி (விவேக் நகரிலிருந்து): அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று நல்லதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் போதாதா?

பதில்: வீட்டுக் குழாய் வேலைக்குப் போதும். வண்டிக்குப் போதாது. ஸ்வீடன்காரர் யோஹான்சன் 1892-இல் காப்புரிமை வாங்கிய அந்த வடிவம் இன்றும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. நகர்கிற தாடையில் எவ்வளவு நல்ல கம்பெனியிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அந்த ஆட்டம்தான் நட்டின் முனையைத் தின்கிறது. வேறு வழியே இல்லாதபோது போட்டால், விசை நகராத தாடையின் மேல் விழுகிற மாதிரி பிடித்து இழுங்கள். கையில் காசு இருக்கிறது, ஒரே டூலில் பல அளவு வேண்டும் என்றால் க்னிபெக்ஸ் கம்பெனியின் ப்ளையர்ஸ் ரெஞ்சு நல்ல பொருள். தாடை இரண்டும் இணையாகவே நகரும், அழுத்துகிற அழுத்தத்தில் ஆட்டமில்லாமல் கவ்வும், பற்கள் இல்லாததால் குரோம் பூச்சில் கோடு விழாது. விலை அதிகம்தான்.

கேள்வி (லிங்கராஜபுரம் கார் மெக்கானிக்): ஆயில் ஃபில்டர் கழற்ற எந்த வகை ரெஞ்சு நல்லது?

பதில்: ஒரே மாதிரி வண்டிகளே அதிகம் வந்தால் அந்த ஃபில்டரின் தலைக்கு அளவாக வரும் கப் வகை. கலந்து வந்தால் மூன்று கால் வகை. செயின் வகையை எங்கேயாவது பிடிவாதமாக நிற்கிற ஃபில்டருக்காக மூலையில் வையுங்கள். போடுவதற்கு எந்த ரெஞ்சும் வேண்டாம். ரப்பரில் புது ஆயில் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி ஃபில்டரைத் திருகுகிற வழி எனக்குப் பிடிக்காது, தகடு கிழிந்தால் பிடிக்க எதுவுமே மிஞ்சாது.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சர்வீஸ் கற்றுக்கொள்பவர்): ஆரஞ்சு கைப்பிடி போட்ட இன்சுலேட்டட் ஸ்பேனர்கள் விலை பல மடங்கு. சாதா ஸ்பேனரில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் ஆகாதா?

பதில்: ஆகாது தம்பி. டேப் சுற்றிய ஸ்பேனரை யாரும் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பதில்லை, ஆயிலும் வியர்வையும் பட்டால் டேப் நகர்ந்துவிடும். ஐஇசி 60900 என்ற தரத்தில் வருகிற ஸ்பேனரில் இரட்டை முக்கோண அடையாளமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும், அது இருந்தால் மட்டும் காசு கொடுங்கள். வெறும் ரப்பர் உறை போட்டதையும் இன்சுலேட்டட் என்று சொல்லி விற்பார்கள்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிகளில் பல 60 வோல்ட்டுக்குள்தான் இருக்கின்றன. அதனால் ஷாக் அடித்துத் தூக்கி எறியும் என்று பயப்படுவதை விட ஸ்பேனரே இரண்டு முனையையும் தொட்டு ஷார்ட் ஆவதற்குப் பயப்படுங்கள். அந்த நொடியில் ஓடுகிற கரண்டில் இரும்பு சிவந்து உருகும், கையோடு ஒட்டும். அதனால் டெர்மினல் நட்டுகளுக்குரிய இரண்டு அல்லது மூன்று அளவில் மட்டும் இன்சுலேட்டட் ஸ்பேனர் வாங்கினால் போதும், மோதிரம், வாட்ச், கையில் கட்டிய செம்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். எலக்ட்ரிக் கார் வேறு கதை, முன்னூறு வோல்ட்டுக்கு மேல் போகும். அதற்கு ஸ்பேனர் மட்டும் போதாது, முறையான பயிற்சியும் கையுறையும் இல்லாமல் அந்த உயர் வோல்ட் ஓடுகிற ஆரஞ்சு நிற வயரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் அதிகம் பார்க்கும் பட்டறையில் வேலை செய்பவர், காக்ஸ் டவுன்): டைமிங் பெல்ட் மாற்றும்போது இன்ஜினை நகராமல் பூட்டுகிற டைமிங் லாக் கிட், ஸ்ப்ளைன் பிட், ஆக்சிஜன் சென்சார் சாக்கெட் எல்லாம் நானே என் சம்பளத்தில் வாங்க வேண்டும் என்கிறார் ஓனர். இது சரியா அண்ணே?

பதில்: அமெரிக்காவில் மெக்கானிக் தன் டூலைத் தானே வாங்க வேண்டும், அந்த வழக்கம் அங்கே உண்டு. அங்கே அதற்கேற்ற கூலி முறையும் இருக்கிறது. நம் பட்டறைகளில் டூல் ஓனருடையது என்பதுதான் பழக்கம், உங்கள் ஓனர் அமெரிக்க வழக்கத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. ஒரு குறிப்பிட்ட இன்ஜினுக்கு மட்டும் வருகிற டைமிங் கிட், அந்த இன்ஜின் வண்டியை வரவேற்று பில் போடுகிற ஓனரின் செலவு. நீங்கள் நாளை வேறு பட்டறைக்குப் போனால் அந்த கிட் உங்களுக்குச் சும்மா கிடக்கும்.

ஸ்ப்ளைன் பிட்டும் 22 நம்பர் ஆக்சிஜன் சென்சார் சாக்கெட்டும் அப்படி இல்லை. அந்த பன்னிரண்டு முனை பிட் டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டில் சரியாக உட்காரவில்லை என்றால், போல்ட் தலைக்குள் வழுக்கி, டிரில் போட்டு எடுக்கிற வேலையாகும், அடிபடுவது உங்கள் கையும் உங்கள் பெயரும். எட்டு, பத்து இரண்டு அளவில் நல்ல பிட் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் தலைக்குள் இருக்கிற மண்ணைக் கம்பியால் சுரண்டி எடுத்துவிட்டு, பிட்டைச் சுத்தியால் ஒரு தட்டு தட்டி அடிவரைக்கும் இறக்கிய பிறகே திருப்புங்கள்.

ஓனர் கிட் வாங்கித் தர மறுத்தால் ஒரு வழி சொல்கிறேன். அதே தெருவில் ஐரோப்பிய வண்டி பார்க்கிற இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்து ஒரு கிட் வாங்கிக்கொள்ளலாம், யார் எடுத்துப் போனது, எப்போது திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் தகராறு வராது. உங்கள் சொந்த டூல்ஸில் எலக்ட்ரிக் பேனாவால் பெயரைப் பொறித்துவிடுங்கள், பெயின்ட் அடித்து வைத்தால் பெட்ரோலில் கழுவும்போது போய்விடும். பொறிக்கும்போது கைப்பிடியின் நடுவில் பொறியுங்கள், தலைக்குப் பக்கத்தில் வேண்டாம்.